பரந்தன் வீதியும் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தும்

பரந்தன் சந்தியில் காலை ஏழு மணிக்கு நின்றால் ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகின்ற பஸ்களின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகின்ற ஏ-35 வீதியில் நிற்பவர்களுக்கு அந்த அவசரம் கிடையாது. மரக்கறி மூட்டையுடன் ஒருவர், கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கர்ப்பிணித் தாய், வங்கிக்கு வந்து இரவு தங்கிவிட்டுத் திரும்பும் ஒரு முதியவர், அவர்களோடு நான். மாதத்தில் இரண்டு புதன்கிழமைகள் இந்த வீதியால் பயணம் செய்வது என் தொழிலின் ஒரு பகுதி. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான இந்த வீதியின் ஒவ்வொரு பெயரும் நம் வாசக சகோதரிகளில் பலருக்கு மனப்பாடம். அவர்கள் அதனை பஸ்ஸில் இருந்து அறிந்தவர்கள் அல்லர், 2009 இல் நடந்து அறிந்தவர்கள்.

ஒரு காலத்தில் கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலைக்குப் பெயர்போன ஊர் பரந்தன். அதைக் கடந்து கிழக்கே போனால் முரசுமோட்டை வயல்கள் தொடங்கிவிடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் நிலம் அது. தை மாசியில் போனால் அறுவடை முடிந்த நெல்லை வீதியோரத்திலேயே பரவிக் காயவிட்டிருப்பார்கள். பஸ் சாரதி பாதி வீதியை நெல்லுக்கு விட்டுக்கொடுத்துத்தான் ஓடவேண்டும். பின்னர் தருமபுரம். அங்கே சந்தை நாளாக இருந்தால் பஸ் பத்து நிமிடம் நிற்கும். விசுவமடுவோடு மாவட்டம் மாறுகின்றது. உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் என்று நீளும் அந்தப் பகுதிதான் 2009 ஜனவரியில் "பாதுகாப்பு வலயம்" என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி இங்கே நான் எழுதத் தேவையில்லை. தலையில்லாத பனைகள் சில இன்றும் நிற்கின்றன.

நான் இறங்கும் ஒழுங்கையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நான் எழுதவிருக்கும் பிள்ளைகளை அடையாளம் காண ஊருக்கு ஐந்து நிமிடம் போதும். ஒழுங்கை முகப்பில் ஒரு தேநீர்க் கடை. அதன் பின்பக்கத்தில் எனது சைக்கிள் எப்போதும் நிற்கும். அங்கிருந்து கிரவல் பாதையில் மூன்று கிலோமீற்றர். இரு பக்கமும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகள். சிலவற்றுக்கு இன்னும் பூச்சு இல்லை, சிலவற்றுக்கு முன்னால் ஓலைக் கொட்டில் போட்டு அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிடுகின்றார்கள். கிணறு நாலு வீட்டுக்கு ஒன்று. மலசலகூடம் வளவின் கடைசி மூலையில். இந்தக் கிணற்றையும் மூலையையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் நாலு நாட்களுக்கு ஒரு பிள்ளையின் முழு உலகமும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் சுருங்கிக் கிடக்கின்றது.

பாலர் பாடசாலைக் கட்டடத்தில் பின்னேரத் தையல் வகுப்பு நடக்கும். 2024 ஐப்பசியில் ஒரு நாள் வகுப்பு முடிந்தும் மூன்று பிள்ளைகள் எழும்பாமல் இருந்தார்கள். இருவர் பதினோராம் ஆண்டு, ஒருத்தி உயர்தரம். ஆளையாள் பார்த்துக்கொண்டு, கடைசியில் மூவரிலும் சிறியவள்தான் வாய் திறந்தாள்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனனாங்கள்."

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது உண்மை. மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரியாமல் வைத்தியசாலைக்குப் போனார்கள் என்றால் ஒரு சமூகப் பணியாளரின் மனம் எங்கெங்கோ ஓடும். ஆனால் காரணம் மாதவிடாய் வயிற்றுக்குத்து. சிறியவளுக்குப் பதின்மூன்று வயதில் பெரிசானது. ஒரு வருடத்துக்குள் குத்துத் தொடங்கியிருக்கின்றது. முதல் நாள் எழும்ப ஏலாது, நாரி உளைவு, சத்தி, சில மாதங்களில் வயிற்றோட்டமும். ஒருமுறை காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்திருக்கின்றாள். "வெயில் தாங்கேல்லை" என்று ஆசிரியருக்குச் சொல்லி மறைத்தாள். ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் பாடசாலை போகவில்லை. வருடத்துக்கு எத்தனை நாள் என்று நான் கணக்குப் பார்க்க முன்னரே அவளே சொன்னாள்: "இருபத்துநாலு நாள் அக்கா. கணித பாடத்தில எல்லாம் விட்டுப்போச்சு."

மூவரும் பஸ் காசு சேர்த்துப் பள்ளிக்கூட உடுப்போடு போயிருக்கின்றார்கள். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். துண்டு எடுக்கும் இடத்தில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கலியாணம் கட்டின ஆக்கள்தான் இதுக்கு வாறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று உரத்த குரலில் சொல்லியிருக்கின்றார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் துண்டும் எடுக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. சிறியவள் அடுத்த மாதம், தாய் தன் காயத்துக்கு வைத்திருந்த நோக் குளிசையில் எடுத்து விழுங்கினாள். குறையவில்லை என்று பனடோல் போட்டாள். அதுவும் குறையவில்லை என்று இன்னும் போட்டாள். ஒரு நாளில் எத்தனை என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. 500 மில்லிகிராம் பனடோல் வளர்ந்தவர் ஒருவருக்கே ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, மிஞ்சினால் ஈரல் பழுதாகும், அதன் அறிகுறி உடனே தெரியவும் மாட்டாது என்று அன்றே மூவரையும் இருத்திச் சொன்னேன். இந்தக் கட்டுரையை வாசிக்கின்ற தாய்மாரும் அதனைக் குறித்துக்கொள்வது நல்லது. பிள்ளை மருந்து கேட்டு வரும்போது "சும்மா இரு" என்றால் அவள் சும்மா இருக்கமாட்டாள். தானே தேடுவாள்.

தாய்க்குத் தெரியாமல் நானே கூட்டிக்கொண்டு போகலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். போயிருக்கலாம். ஆனால் சின்ன ஊர். நான் ஒருமுறை பிள்ளையை ஒளித்துக் கூட்டிப் போனால் அடுத்த முறை எந்தத் தாயும் என்னை நம்பிப் படலை திறக்கமாட்டாள். அத்துடன் ஸ்கான், கிளினிக் என்று போனால் தாயில்லாமல் சரிவராது. எனவே வீட்டுக்குப் போவது என்று தீர்மானித்தேன்.

கார்த்திகை கடைசியில் வெள்ளம் வந்து ஒழுங்கை மூடிவிட்டது. மார்கழியில்தான் போக முடிந்தது. சிறியவளின் தாய்க்கு நாற்பத்தொரு வயது. இடுப்பெலும்பின் பக்கத்தில் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கின்றது; எடுத்தால் கால் இழுக்கும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இறந்தார் என்று அவர் சொல்வதில்லை. அம்மம்மாவும் அந்த வீட்டில்தான். அன்று கிழவி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

விசயத்தைச் சொன்னேன். தாய் என்னை நேரே பார்த்தார்.

"மிஸ், இதெல்லாம் ஒரு வருத்தமே? நாங்கள் பாக்காத வருத்தமா?"

"எல்லாம் கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் சரியாப்போம் மோனை" என்று அம்மம்மா சுளகை நிறுத்தாமலே சொன்னார். "வேர்க்கொம்பும் மல்லியும் அவிச்சுக் குடுக்கிறன்தானே. இங்கிலீசு மருந்து குடிச்சால் கர்ப்பப்பை சுருங்கிப்போம்."

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்திலும் பின்னர் எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளிலும் வாயில் ஏறிய சொற்கள், தேவையில்லாத நேரத்தில் வெளியே வந்துவிடும். "அக்கா, இது பிள்ளையின்ர இனப்பெருக்கச் சுகாதார உரிமை" என்று தொடங்கினேன்.

"உரிமையைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ மிஸ். நான் கையெழுத்து வைச்ச கடதாசி ஒரு பெட்டி நிறையக் கிடக்கு" என்றார்.

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். சைக்கிளை உழக்கிக்கொண்டு வரும்போது எனக்கு அவர்மீது கோபம் வந்தது. பஸ்ஸில் ஏறிய பின் அந்தக் கோபம் என்மீது திரும்பியது. அந்தத் தாய் கல்நெஞ்சுக்காரி அல்லர். நோவைக் கணக்கில் எடுக்காமல் விட்டதனால்தான் உயிரோடு இருக்கின்றார். அந்தப் பழக்கத்தையே மகளுக்கும் சீதனமாகக் கொடுக்கப் பார்க்கின்றார்.

வழியைத் திறந்தவர் குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் இன்னும் "மருத்துவிச்சி அம்மா" என்றுதான் கூப்பிடுகின்றார்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு நிறை பார்த்து, ஊசி போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுகின்ற மனிசி அவர். மார்கழிக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பச்சைப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், என் வேண்டுகோளின்படி இந்தப் படலையையும் திறந்தார். நானும் கூடப் போனேன். மருந்து பற்றியோ வைத்தியசாலை பற்றியோ அவர் ஒன்றும் கதைக்கவில்லை. விறாந்தைக் குந்தில் இருந்து வெறுந்தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். பிறகு கேட்டார்:

"தங்கச்சி, நீர் எத்தினை வயதில பெரிசானனீர்?"

தாய் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் நான் கண்டேன். "பதின்மூண்டு. தொண்ணூற்றாறாம் ஆண்டு. கிளிநொச்சியில இருந்து வெளிக்கிட்டு அக்கராயனில ஒரு மரத்துக்குக் கீழ. அம்மா ரெண்டு சீலையைச் சுத்திக் கட்டி அதுக்குள்ள இருத்தினவ. சடங்குமில்லை, ஒண்டுமில்லை. முட்டை மட்டும் ஆரோ தந்தவை."

"முட்டை நான்தான் வாங்கினது, அரிசியைக் குடுத்து" என்று அம்மம்மா இடையில் திருத்தினார்.

"வயித்துக்குத்து இருந்ததே?"

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். இருந்ததாம். ஒவ்வொரு மாதமும். 2009 இல் இவள் கைக்குழந்தை. பங்கருக்குள் இருபது பேர். கணவரின் சாரத்தைக் கிழித்து வைத்திருந்தாராம். தோய்க்கத் தண்ணீர் இல்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்தாராம். பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது ஒருநாள் குத்துத் தாங்காமல் இருந்துவிட்டாராம். பக்கத்தில் நின்றவள் என்னவென்று கேட்டாளாம். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் இரண்டும் செத்து ஒரு மாதம்.

"அவவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, வயித்துக்குத்தெண்டு? காய்ச்சல் எண்டு சொன்னனான். அண்டையில இருந்து ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

அறைக் கதவுக்குப் பின்னால் மகள் நின்றாள். அவளுக்கு இவையெல்லாம் புதிய செய்தி. தாய்க்கும் குத்து இருந்தது என்பதுகூட.

மருத்துவிச்சி அம்மா குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உமக்குக் குடுக்க என்னட்டை மருந்தும் இல்லை, இடமும் இல்லை. இப்ப இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் இருபது நிமிடம் பேசியும் நடக்காதது.

உடனே சம்மதம் வந்துவிடவில்லை. "பொங்கல் கழியட்டும்" என்றார் தாய். பொங்கல் கழிந்தபின், கிட்டடி வைத்தியசாலை வேண்டாம், தெரிந்த சனம் பார்க்கும் என்றார். அது வீண் பயமல்ல. கலியாணம் கட்டாத பிள்ளை பெண்ணோயியல் கிளினிக் வாங்கிலில் இருந்தால், வீட்டுக்கு வந்து சேர முன்னரே கதை வந்து சேர்ந்துவிடும். நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவன் காதில் விழும். ஆண் துணையில்லாத வீட்டுக்கு அந்தக் கதை இரண்டு மடங்கு பாரம். கிளிநொச்சியில் 2024 இல் நெதர்லாந்து உதவியுடன் பெண்களின் சுகாதாரத்துக்கென்றே பெரிய கட்டடம் ஒன்று திறந்திருக்கின்றார்கள். அதே ஆண்டு அரசாங்கம் பாடசாலை மாணவிகளுக்கு சானிட்டரி நாப்கின் வாங்க 1,200 ரூபா வவுச்சர் கொடுத்தது; எங்கள் தையல் வகுப்பில் அது பெரிய சந்தோசமாக இருந்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் வவுச்சரைப் பகிரங்கமாக வாங்கிய அதே பிள்ளை, குத்தென்று சொல்ல வாய் திறக்கமுடியாமல் இருக்கின்றாள்.

2025 தை மாதக் கடைசிப் புதன்கிழமை, தாயும் மகளும் நானும் இரண்டு பஸ் மாறிப் போனோம். உயர்தரம் படிக்கும் பிள்ளையும் தன் தாயுடன் வந்தாள். தாய் சம்மதம், தகப்பனுக்குச் சொல்லவில்லை. மூன்றாமவள் வருவதாகச் சொன்னவள், பஸ் தரிப்பிடத்துக்கு வரவில்லை.

அன்று இருந்த வைத்தியர் ஒரு இளம் பெண். கதவைச் சாத்திவிட்டு முதலில் பிள்ளையிடம்தான் கேட்டார், பிறகுதான் தாயிடம். தாய் வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ளுக்குப் பாப்பீங்களோ?" என்றார். இந்தக் கேள்விக்காகவே எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் கிடக்கின்றார்கள் என்று நினைக்கின்றேன். இல்லை, தண்ணீர் குடித்துச் சலம் முட்டிய பிறகு வயிற்றுக்கு மேலேயே பசை பூசி ஸ்கான் செய்வோம், அவ்வளவுதான் என்றார். பிள்ளை ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுச் சலம் அடக்கமுடியாமல் வாங்கில் நெளிந்ததும், தாயும் மகளும் அதைப் பார்த்துச் சிரித்ததும் என் மனதில் நிற்கின்றது.

பிறகு வைத்தியர் ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் கருப்பையை வரைந்து காட்டினார். மாதம் தோறும் கருப்பையின் உட்படலம் கழன்று வெளியேற வேண்டும். அதற்காகக் கருப்பை ஈரத்துணியைப் பிழிவது போலத் தன்னைத்தானே பிழிகின்றது. பிழிய வைப்பது புரொஸ்டாகிளாண்டின் என்கின்ற ஒரு சுரப்புப் பொருள். சிலருக்கு அது கூடுதலாகச் சுரக்கும். அப்போது பிழிவும் கூட, கருப்பைக்கு இரத்தம் போவது குறைகின்றது, குத்து எழும்புகின்றது. சத்தி, வயிற்றோட்டம், மயக்கம் எல்லாம் அதே பொருளின் வேலைதான். பெரிசாகி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, சூல் முட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கும்போது இந்தக் குத்து ஆரம்பிப்பது வழமை. முதல் ஒன்று தொடக்கம் மூன்று நாட்களுக்குள் அடங்கும்.

பிள்ளைக்கு எழுதியது மெபனமிக் அசிட் என்னும் குளிசை. அந்தப் பொருள் சுரப்பதையே இது குறைக்கின்றது. எனவே குத்து உச்சத்துக்குப் போனபின் போட்டுப் பிரயோசனம் குறைவு. இரத்தம் கண்டவுடன், அல்லது குத்துத் தொடங்குகின்றபோதே, சாப்பிட்டபின் போடவேண்டும். இரண்டு மூன்று நாட்கள்தான். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் போடக்கூடாது. காய்ச்சல் இருந்தால் தொடவே கூடாது. டெங்காக இருந்தால் இரத்தப் பெருக்கு ஏற்படலாம். மாரிகாலத்தில் எங்கள் பக்கத்தில் டெங்கு வராத வருடம் ஏது?

"பிள்ளைப் பாக்கியத்துக்கு ஒண்டும் செய்யாதோ?" தாயின் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"ஒண்டும் செய்யாது அம்மா. ஓரிரண்டு நாளில உடம்பை விட்டுப் போயிடும். கர்ப்பப்பை சுருங்காது."

அம்மம்மாவின் வேர்க்கொம்புக் குடிநீரை விடவேண்டுமா என்று பிள்ளை கேட்டாள். தாராளமாகக் குடிக்கலாம் என்றார் வைத்தியர். சுடுதண்ணீரைப் போத்தலில் விட்டுத் துவாயால் சுற்றி அடிவயிற்றில் வைப்பதும் நல்லது, முடங்கிக் கிடப்பதைவிட மெல்ல நடப்பது நல்லது என்றார். இதை அன்றிரவு அம்மம்மாவிடம் சொன்னபோது கிழவிக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். "டொக்டரும் அதைத்தான் சொன்னவ" என்று மறுநாள் நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கின்றார். எந்தப் பட்டறையும் கொண்டுபோய்ச் சேர்க்காத இடங்களுக்குச் செய்தி அந்த வழியில் போனது.

உயர்தரப் பிள்ளையின் கதை அவ்வளவு இலகுவானதல்ல. அவளுக்குக் குத்து மாதவிடாய்க்கு நாலு நாள் முன்னரே தொடங்கிவிடும். மலம் கழிக்கும்போதும் நோகும். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வருகின்றது. பாமசியில் வாங்கிய குளிசைகள் கேட்கவில்லை. இவற்றைக் கேட்டதும் வைத்தியரின் முகம் மாறியது; பெண்ணோயியல் நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகிக்கின்றார்கள். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலைச் சுற்றியோ வளர்ந்து, மாதம் தோறும் அங்கேயும் வீங்கி நோவைக் கொடுக்கின்ற வருத்தம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஸ்கானில் எப்போதும் தெரியாது. கண்டுபிடிக்கப் பல வருடங்கள் எடுப்பது உலக வழக்கமாகவே இருக்கின்றது. "எல்லாருக்கும் வாறதுதானே" என்ற சொல்லுக்கு அந்தத் தாமதத்தில் பெரிய பங்கு உண்டு. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பிள்ளை தரிப்பதும் கடினமாகலாம். மருந்து குடித்தால் மலடாகிப் போவாள் என்று பயந்து மருந்தை மறுக்கின்ற வீடுகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் இன்னும் யோசிக்கின்றேன்.

நிபுணர் அவளுக்கு ஓமோன் குளிசை எழுதினார். அது குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கின்ற அதே குளிசை. தாய் அட்டையைக் கண்டதும் அடையாளம் கண்டுவிட்டார். கலியாணமாகாத பிள்ளை! தகப்பன் அறிந்தால் வெட்டுவார் என்றார். கருப்பையின் உட்படலம் தடிக்காமல் வைத்திருப்பதற்கே இது, விட்டபின் மாதவிடாய் வழமைக்குத் திரும்பும் என்று நிபுணர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இப்போது அந்த அட்டை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் இருக்கின்றது. தகப்பனைப் பொறுத்தவரை மகள் "இரத்தக் குளிசை" குடிக்கின்றாள். எனக்கு இந்த ஒளிப்பு பிடிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். மகளைச் சைக்கிளில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய் விடுபவர். சொன்னால் ஒருவேளை விளங்கிக்கொள்வார். ஆனால் அந்த "ஒருவேளை"யை வைத்து ஒரு தாயைச் சூதாடச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. பிள்ளை இப்போது மாதத்தில் ஒரு நாளைத்தான் இழக்கின்றாள். முன்னர் ஆறு.

சிறியவள் 2025 மார்ச் மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். இரண்டாம் நாளே மாதவிடாய் வந்தது. சோறு சாப்பிட்டுக் குளிசை போட்டு, போத்தலை வயிற்றில் வைத்துப் படித்து, ஒரு பரீட்சையும் விடவில்லை. கணிதத்தில் சாதாரண சித்திதான். இழந்த இருபத்துநாலு நாட்களைக் குளிசை திருப்பித் தராது. அவளுடைய தாய் இப்போது மாதர் சங்கக் கூட்டத்துக்கு வருகின்றார். பேசுவதில்லை, பின்வரிசையில் இருப்பார். ஆனால் ஒருமுறை ஒரு இளம் தாய், தன் மகளுக்கு மாதம் தோறும் குத்து வருகின்றது, ஆனால் இன்னும் மாதவிடாய் வரவில்லை என்று சொன்னபோது, "உதை உடனை கொண்டுபோய்க் காட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சரியான குரல்தான், பாதை அடைபட்டு இரத்தம் உள்ளே தேங்கினாலும் அப்படிக் குத்து வரும், அதற்குச் சிறிய சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கின்ற, மணித்தியாலத்துக்கு ஒரு துணி மாற்றவேண்டிய இரத்தப் போக்கும் அப்படியே, காட்டவேண்டியது.

மூன்றாமவளுக்கு வருகின்றேன். அன்று காலை அவள் உடுத்து வெளிக்கிட்ட நேரம் தகப்பன் எங்கே என்று கேட்டிருக்கின்றார். அவள் பொய் சொல்லவில்லை. அதோடு தையல் வகுப்பும் நின்றுவிட்டது. இரண்டு தடவை அந்தப் படலையில் நின்று கூப்பிட்டேன். தகப்பன் வெளியே வந்து மரியாதையாகவே சொன்னார்: "எங்கட பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், மிஸ்." தாய் குசினிக் கதவில் நின்றார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊரே போனபோது இவள் மட்டும் வீட்டில் நின்றதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். துடக்கு. கோயிலுக்குத்தான் போகக்கூடாது என்றால், நோவுக்கு மருந்தும் கூடாதா என்று கேட்க யாரும் அந்த வீட்டில் இல்லை.

மூவருக்கும் நான் ஆரம்பத்தில் ஆளுக்கொரு சின்னக் கொப்பி கொடுத்திருந்தேன். மாதவிடாய் தொடங்கிய நாள், முடிந்த நாள், குத்து மோசமான நாளுக்கு ஒரு நட்சத்திரம். வைத்தியரிடம் போகும்போது வாயால் சொல்லக் கூச்சப்படுகின்ற பிள்ளைக்கு அந்தக் கொப்பி உதவும் என்ற எண்ணம். கடந்த முறை சைக்கிளை எடுக்கத் தேநீர்க் கடைக்குப் பின்னால் போனேன். மூன்றாமவளின் தங்கை, ஒன்பது வயதிருக்கும், சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். மடித்த கடதாசி ஒன்றைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றை. ஏழு மாதத் திகதிகள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. முதல் மாதம் இரண்டு நட்சத்திரம். கடைசி மாதம் ஐந்து.

அதை மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்த வீட்டில் கடைசிப் பையனுக்கு ஒன்றரை வயது. அடுத்த புதன்கிழமை அவனுக்கு நிறை பார்க்க வேண்டிய முறை. "தகப்பன் பத்து மணிக்குப் பிறகு வயலுக்குப் போயிடுவார். ஆனால் நான் அவர் நிக்கேக்கைதான் போகப்போறன்" என்றார். ஏழு மணி பஸ் சரிவராது. ஆறு மணிக்கே பரந்தன் சந்தியில் நிற்கவேண்டும்.